பேப்பர்ல மேயற குதிரை

வா பேராண்டி, உக்காரு. வண்டிப் பவரு அளந்த அந்தப் பேப்பரை இன்னும் எத்தனை பேர்த்துக்குத்தான் காட்டுவ? டீக்கடைல காட்டியாச்சு, சலூன்ல காட்டியாச்சு, உங்க அம்மாகிட்டக்கூட நீட்டுனியாமா. அவ பாவம், கோடு கோடா ஏறி எறங்கறதைப் பாத்துப்போட்டு ஈசிஜின்னு நெனச்சுப் பதறிட்டா. அப்புச்சிகிட்டயும் ஒருக்கா குடு. இரு, கண்ணாடியை மாட்டிக்கறன்.

105 குதிரை! சபாசு. 1248 சிசி சுவிப்ட் டீசல். கம்பெனிக்காரன் குடுத்தது 4000 சுத்துல 75 குதிரை, 2000 சுத்துல 190 நியூட்டன் மீட்டர் டார்க்கு. ஒரு லேப்டாப்பு, ஒரு ஒயரு, ஒரு மத்தியானம். முப்பது குதிரை எச்சா வந்து நின்னுக்குச்சு. கட்டறதுக்கு எடம் பாத்துட்டியா?

நானும் ஆயில் இஞ்சின் ஓட்டுனவன்தான் கண்ணு. நம்ம கெணத்து மேட்டுல கெடந்துதே லிஸ்டர் மாடல் இஞ்சின், அது 1433 சிசி, உன்றதைவிடக் கொஞ்சம் பெருசு. 650 சுத்துல 6 குதிரை. கணக்குப் போட்டா டார்க்கு 65 நியூட்டன் மீட்டர் சொச்சந்தான் வரும். அதைவிடச் சின்ன இஞ்சின்ல கம்பெனிக்காரன் 190 வாங்கறான்னா பாதிக்குமேல டர்போ திணிக்கற காத்தோட வேலை, மிச்சம் டீசலை உள்ள பீச்சற நேர்த்தி. இந்தக் காத்து சமாச்சாரத்தைக் காதுல போட்டு வெச்சுக்கோ, பின்னால வேணும்.

சரி, இதுக்கு முந்துன பேப்பர் எங்க? அதான், மேப்பு, அதாகப்பட்டது டீசல் எவ்வளவு, எப்பப் பீச்சறதுங்கற கணக்கு, அதை மாத்தறதுக்கு முன்னால ஓட்டுனது. என்ன முழிக்கற? முன்னால ஓட்டவே இல்லியா? அப்ப முப்பது குதிரை எச்சா வந்துதுன்னு எதை வெச்சுச் சொல்ற? கம்பெனி நோட்டீசுல போட்ட 75ஐ வெச்சா? ஏனப்பா, அவன் இஞ்சினைத் தனியாக் கழட்டி மேடைல வெச்சு, கிராங்குல அளந்து போட்ட நம்பர் அது. உன்றது தகரச் செட்டுக்குள்ள உருளை மேல சக்கரத்தை ஓட்டி அளந்தது. அந்த 75ஓட இந்த 105ஐ நிறுத்தி வெச்சுக் கழிச்சா வர்றதுக்குப் பேரு கணக்கா?

மூலைல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்குது பாரு. "வீல் பவர் 89". அதுக்குப் பக்கத்துல "லாஸ் 18 பர்சென்ட்". 89ஐ 1.18ஆல பெருக்கு. 105. அதாகப்பட்டது, உருளை பாத்தது 89 குதிரையைத்தான். மிச்சம் 16 குதிரை கம்ப்யூட்டர்ல குட்டி போட்டது. கியர் பெட்டி, டிரைவ் சாப்ட்டு, டயரு எல்லாம் கொஞ்சம் தின்னுந்தான், நான் இல்லீங்கல. ஆனா எவ்வளவு தின்னுச்சுன்னு அளந்தானா? வண்டி உச்சத்துக்குப் போனதும் கிளட்சை மிதிச்சு, உருளையைத் தானா ஓஞ்சு நிக்க விட்டு, அதை வெச்சுக் கணக்கெடுக்கற மிசினு உண்டு. உன்ற ஆளு அதைச் செஞ்சானா, இல்ல அவன் மனசுக்கு 18 ராசியான நம்பரா?

கோவிச்சுக்காத. இந்த அளக்கற வித்தையே பழசு. 1821ல பிரான்சுல புரோணின்னு ஒரு இஞ்சினியரு, சுத்தற தண்டு மேல மரக்கட்டையை இறுக்கி, கோல் நீட்டி, நுனில எடை தொங்கவிட்டு அளந்தான். உன்ற காலேஜுலயும் 5 குதிரை இஞ்சின் பிளைவீல்ல கயிறு சுத்தி, ஸ்ப்ரிங் தராசு மாட்டி வெச்சிருப்பாங்களே? நீ ரெக்கார்டு நோட்டைப் பக்கத்துப் பையனைப் பாத்து எழுதுனவன், எங்க நெனப்பிருக்கப் போவுது. டீசல்னு ஒரு ஜெர்மன்காரன் இருந்தானே, பேரையே எண்ணெய்க்குக் குடுத்தவன், அவன் 1897 பிப்ரவரில தன்ற இஞ்சினை ஆக்ஸ்பர்க்குல நிறுத்தி, தானா அளந்து தம்பட்டம் அடிக்கல. மூனிச்சுலருந்து ஷ்ரோட்டர்ங்கற புரபசரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னான். 154 சுத்துல 18 குதிரைக்குச் சித்தெ கம்மி. எண்ணெயில இருந்த சூட்டுல நூத்துக்கு 26 பங்கு வேலையா வெளிய வந்துது. அந்தக் காலத்து நீராவி இஞ்சின்காரனுக எல்லாம் வாயடைச்சுப் போனது அந்த 26ஐப் பாத்துத்தான். குதிரை எண்ணிக்கையைப் பாத்தில்ல.

உனக்கு அதெல்லாம் எதுக்கு? உனக்கு வேண்டியது டீக்கடைல செயிக்கறது. அதுக்கு அப்புச்சி வழி சொல்றன், கேட்டுக்கோ.

மொதல்ல, முன்னால ஓட்டற ஓட்டத்தைக் காலங்காத்தால ஓட்டிப்போடு. கியர் ஆயில் சில்லுனு கெட்டியாக் கெடக்கும், நாலு குதிரை அதுலயே போயிரும். டயர்ல காத்து 25 பவுண்டுக்கு எறக்கி வெச்சுக்கோ. கட்டற பெல்ட்டை நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு, டயரு உருளை மேல அமுங்கி இன்னுங் கொஞ்சம் தின்னும். அப்பறம் மேப்பு மாத்தினதும் காத்தை 40 பவுண்டுக்கு ஏத்து, பெல்ட்டைச் சித்தெ தளத்து, இன்டர்கூலர் முன்னால காத்தாடியைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, நீ போயி டீ குடிச்சிட்டு வந்து ஓட்டு. மேப்புல ஒண்ணுமே மாத்தலீன்னாலும் பேப்பர்ல ஏறி நிக்கும்.

அதுக்கும் மேல ஒரு சூட்சுமம் இருக்குது. செட்டுக்குள்ள எவ்வளவு சூடு, காத்தழுத்தம் எவ்வளவுன்னு பாக்க ஒரு சின்ன சென்சாரு தொங்கும். அதைத் தூக்கி ரேடியேட்டருக்குப் பின்னால வெச்சிரு. மிசினு என்ன நெனைக்கும்? "ஐயோ, இந்த வேகாத வெயில்லயும் இந்த வண்டி இத்தன குதிரை குடுக்குதே"ன்னு பரிதாபப்பட்டுக் கையிலருந்து நாலஞ்சு குதிரை போட்டுக் குடுக்கும். கரெக்‌சன் பேக்டருன்னு பேரு. அந்தியூர்ச் சந்தைல துண்டுக்கு அடில வெரலைப் புடிச்சு வெலை பேசற மாதர, இது கம்ப்யூட்டருக்கு அடில நடக்கற பேரம். அந்தத் திருத்தத்துலயே ஒரு முறைக்கு எஸ்ஏஇன்னு பேரு, இன்னொண்ணுக்கு டிஐஎன்னு பேரு. எது எச்சாக் குடுக்குதோ அதை மிசின்காரன் அமுத்தறான்.

இங்கதான் ஒரு நெசமான விசயம் சொல்லோணும். டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினுக்கு இந்தத் திருத்தம் ஞாயந்தான். கோயமுத்தூரு கடல் மட்டத்துக்கு மேல 400 மீட்டர் சொச்சம், காத்து கொஞ்சம் லேசு, வெயில் வேற. அந்த இஞ்சினுக்கு மூச்சு கொறையும், கணக்குல சேத்தித்தான் ஆகோணும். ஆனா உன்றது டர்போ டீசல். வெளிய காத்து லேசாப் போச்சுன்னா ஈசியூ, அதான் வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரு, டர்போவை இன்னுங் கொஞ்சம் சுத்தவிட்டு ஈடுகட்டிக்கும். டீசல் எத்தன மில்லிகிராம் பீச்சறதுங்கறதும் ஈசியூ தீர்மானம். வண்டி தானாச் சரிக்கட்டிக்கிட்டதுக்கு மேல மிசினும் ஒருக்கா சரிக்கட்டுனா, ஒரே கடனை ரெண்டு வாட்டி வசூல் பண்றது. அதனால டர்போ டீசலுக்குத் திருத்தம் போடாத வெறும் நம்பரைத்தான் கேட்டு வாங்கோணும். கேட்டியா? நீ எங்க கேட்ட.

கோடு இத்தன வழுவழுன்னு இருக்குதே, அதையும் பாரு. ஸ்மூத்திங்குன்னு ஒரு பொத்தான். கம்மியா வெச்சா கோடு நடுங்கும். அந்த நடுக்கத்துலதான் சங்கதி இருக்குது: கிளட்ச் வழுக்குனா தெரியும், டர்போ ஏறி எறங்குனா தெரியும். முச்சூடும் தேச்சு வழவழன்னு ஆக்கிப்போட்டா பிரேம் போட்டு மாட்டறதுக்கு நல்லாத்தான் இருக்கும்.

அந்த மாதர ஒரு செட்டுக்கு ஒருக்கா நானும் போயிருக்கறன், உன்ற மாமனோட. வண்டியோட முன் சக்கரம் ரெண்டையும் உருளை மேல ஏத்தி, நாலு பக்கமும் பெல்ட்டு போட்டு இழுத்துக் கட்டுனாங்க. முன்னால ஒரு காத்தாடி, நம்ம கல்யாண மண்டபத்துப் பந்தில சுத்துமே அந்த அளவுதான். நாலாவது கியரு, 1500 சுத்துலருந்து முழு மிதி. செட்டே அதிருது. பத்து நொடி இருக்குமா? 4500 தாண்டுனதும் காலை எடுத்துட்டான். பையன் கம்ப்யூட்டரைப் பாத்துச் சிரிக்கறான். நான் பின்னால போயிப் பாத்தன். சைலன்சருக்கு எதுத்தாப்புல செவுத்துல இடுப்பு ஒசரத்துக்குக் கரி படிஞ்சிருக்குது. பின்னாடி பம்பர்ல வெரலை வெச்சு இழுத்தன், வெரலு கண்மையாட்டம் கறுத்துப் போச்சு. அவ்வளவு டீசல் எரியாம வெளிய போயிருக்குது. "என்னங்க தம்பி இது"ன்னன். "அது பவருங்க தாத்தா"ன்னான். ஏன் கண்ணு, பவரு சக்கரத்துக்குல்ல போகோணும், செவுத்துக்கு எதுக்கு?

இப்ப அந்தக் காத்து சமாச்சாரத்துக்கு வர்றன். டார்க்கைச் சுத்தால பெருக்கி 7024ஆல வகுத்தா குதிரை. திருப்பிப் போடு. கம்பெனி 75 குதிரைக்கு 4000 சுத்துல டார்க்கு 132. உன்ற 105க்கு அதே சுத்துல 184. நூத்துக்கு நாப்பது எச்சு. நாப்பது பங்கு எச்சா வேலை செய்யோணும்னா ஏறக்குறைய அத்தனைக்கத்தன காத்தும் எச்சா வேணும். ஒரு பங்கு டீசல் முழுசா எரிய பதினாலரைப் பங்கு காத்து போதும்னு புஸ்தகத்துல இருக்கும். ஆனா டீசல் இஞ்சின்ல எண்ணெய் கடைசி நிமிசத்துலதான் உள்ள வருது, கலக்க நேரமில்ல. அதனால 18 பங்குக்குக் கீழ எறங்குனாலே கரும்புகை கிளம்பிரும். உன்ற வண்டி டர்போ உள்ளங்கைல அடங்கற பொருளு, நிமிசத்துக்கு 2 லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சாதி. 4000 சுத்துல அது ஏற்கெனவே மேமூச்சு கீழ்மூச்சு வாங்கிட்டுத்தான் இருக்குது. அதுக்கு மேல வெரட்டுனா காத்தைத் தள்ளறதை விட்டுப்போட்டுச் சூடு பண்ணத்தான் செய்யும். சூடான காத்து லேசு. அப்பறம் எங்கருந்து நாப்பது பங்கு வரும்? செவுத்தைக் கேளு.

நல்ல மேப்புக்காரன் மேல் சுத்துல கை வெக்கமாட்டான். 1800லருந்து 3000 வரைக்கும், டர்போவுக்குக் கைல கொஞ்சம் மிச்சம் இருக்கற எடத்துல, பூஸ்ட்டு கொஞ்சம், டீசல் கொஞ்சம், பீச்சற நேரம் ஒரு மயிரிழைன்னு ஏத்திப்போட்டு, 3500க்கு மேல கம்பெனிக்காரன் போட்ட கோட்டையே விட்டுருவான். உச்சி நம்பர் சின்னதாத்தான் வரும். டீக்கடைல எவனும் மதிக்கமாட்டான். ஆனா பல்லடம் ரோட்டுல லாரியைத் தாண்டறப்ப மூணாவது கியருக்கு எறக்காம நாலுலயே தாண்டுவ. நீ எந்தக் காலத்துல 4000 சுத்துல வண்டி ஓட்டுன? உங்கப்பன் கைல சிக்குனா ஓட்ட உடுவானா?

டியூனிங் பாக்சுன்னு ஒண்ணு விக்கறானுக, அதை மட்டும் வாங்கி மாட்டிராத. காமன் ரெயில்ல அழுத்தம் பாக்கற சென்சாருக்கு நடுவுல அது உக்காந்துக்கிட்டு, "அழுத்தம் கம்மியா இருக்குது"ன்னு ஈசியூகிட்டப் பொய் சொல்லும். ஈசியூ நம்பி இன்னும் அழுத்தும். அந்தக் குழாய்ல ஏற்கெனவே 1400லருந்து 1600 பார். ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒன்றரை டன் கணக்கா உக்காந்திருக்குது. அதுக்கும் மேல ஏத்துனா பம்பும் இன்ஜெக்டரும் எத்தன நாளைக்குத் தாங்கும்? காத்து இருக்குதா இல்லியான்னு அந்தப் பொட்டிக்குத் தெரியாது, அது காத்துப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. கோள் சொல்றவனை வேலைக்கு வெச்சுக்கற குடும்பம் எப்புடி ஆகும்னு நான் சொல்லோணுமா?

உருளைலயும் ரெண்டு சாதி. ஒண்ணு, கனமான உருளை மட்டும். அது எத்தன வெரசா வேகம் புடிச்சுதுன்னு பாத்துக் குதிரை கணக்குப் போடறது. இன்னொண்ணு, கரண்டுல பிரேக்கு போட்டு, 2000 சுத்துலயே வண்டியை முழு மிதில நிறுத்தி வெக்கற மிசினு. உன்ற மாதர சின்ன டர்போ டீசலுக்கு ரெண்டாவதுதான் நெசம் பேசும். டர்போ ஏறறதுக்கு நேரம் வேணுமல்லோ. உருளை லேசா இருந்தா டர்போ முழிக்கறதுக்குள்ள சுத்து 2500 தாண்டிரும், கீழ டார்க்கு இல்லாத மாதரக் கோடு காட்டும். புடிச்சு நிறுத்துனா பூஸ்ட்டு எங்க நிக்குது, புகை எப்ப கிளம்புது, புகைச்சூடு எத்தன டிகிரின்னு நின்னு நெதானமாப் பாக்கலாம். டர்போவுக்கு உள்ள போற புகைச்சூடு 700, 750 டிகிரிக்கு மேலயே நின்னுச்சுன்னா ஆகாது. பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் 660 டிகிரில உருகிப்போவும். ரெண்டு சுத்துக்கு ஒருக்கா சித்தெ நேரந்தான் நெருப்பு படுது, கீழருந்து ஆயில் சூட்டை எடுத்துக்குது, அந்தத் தயவுல ஓடிட்டு இருக்குது.

பத்து நொடி ஓட்டத்துல எந்தச் சூடும் தெரியாது. நம்ம சித்தி குடும்பம் முச்சூடும் ஏத்திக்கிட்டு, டிக்கில அரிசி மூட்டையோட, சித்திரை வெயில்ல ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறு. 40 கொண்டை ஊசி வளைவு. அங்க தெரியும் மேப்பு எப்புடீன்னு. அஞ்சாறு வளைவு தாண்டுனதும் கிளட்ச் கருகற வாசம் வரும். கம்பெனிக்காரன் 190க்குன்னு வெச்ச கிளட்சு, நீ அதுல அதுக்கு மேல எச்சாக் கட்டி இழுத்தா அது என்னதான் பண்ணும். உருளை மேலயே இதைப் பாக்கலாம்: வேகம் ஏறாம சுத்து மட்டும் தவ்வும். ஆனா ஸ்மூத்திங் போட்டுத் தேச்சாச்சே.

சட்டத்தை நெனச்சா இன்னும் வெசனந்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. மாத்துனது தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க ஒரு சாக்கு கெடச்சுது. புகை சர்ட்டிபிகேட்டுக்குப் போறப்ப பழைய மேப்பை ஏத்திட்டுப் போறவனுகளும் இருக்கறானுக. மிசினு பாஸ் போட்டுரும், பின்னால ஸ்கூட்டர்ல வர்ற பொம்பளைப் புள்ளதான் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வரும்.

உன்ற இஞ்சினு சாதாரணப்பட்டதில்ல, பேராண்டி. இத்தாலிக்கார பியட் 2003ல கொண்டாந்தது, 2005ல அதோட அளவுப் பிரிவுல உலக இஞ்சின் பரிசே வாங்குச்சு. இங்க மாருதி டிடிஐஎஸ்னான், டாட்டா குவாட்ராஜெட்னான், பியட் மல்ட்டிஜெட்னான். ஊர் முச்சூடும் ஓடி 'நேஷனல் இஞ்சின்'னே பேராயிப்போச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்ததும் மாருதி டீசலையே கைகழுவிருச்சு. இனிப் புதுசு வராது. இருக்கறதைப் புகைய விட்டுப்போட்டு அப்பறம் நீ இஞ்சினுக்கு எங்க போவ?

அதனால நாளைக்கே அந்த ஆளுகிட்டப் போ. சண்டை போடாத, காசு குடுத்தது நீதான். உன்ற வண்டியோட பழைய மேப்பு பைல் அவன்கிட்ட இருக்கும், அதை ஒரு காப்பி கேட்டு வாங்கு. இல்லீன்னு சொன்னான்னா அந்தச் செட்டுப் பக்கமே போகாத. குடுத்தான்னா பழையதை ஏத்தி, இஞ்சினும் கியர் பெட்டியும் நல்லாச் சூடானப்பறம் மூணு ஓட்டம். புதுசை ஏத்தி அதே நாளு, அதே கியரு, அதே டயர்க் காத்து, அதே கட்டு, மூணு ஓட்டம். திருத்தம் வேண்டாம், லாஸ் பர்சென்ட் வேண்டாம், சக்கரத்து நம்பர் மட்டும். ரெண்டு கோட்டையும் ஒரே பேப்பர்ல போட்டு, பக்கத்துலயே பூஸ்ட்டும் காத்து-டீசல் கணக்கும் போடச் சொல்லு. அந்தப் பேப்பரைக் கொண்டா, பாக்கறன். கோடு 2000லருந்து 3000க்குள்ள ஏறியிருந்து, செவுரு வெள்ளையா இருந்துதுன்னா, டீசல் செலவு இந்த மாசம் அப்புச்சியோடது.